பேஸ்ட் மாத்துறதுக்கு முன்னாடி கிராஃபைப் பாருங்க

லேப்டாப் சூடாகுதுன்னு யார் கேட்டாலும் முதல் பதில் "பேஸ்ட் மாத்துங்க"ன்னுதான் வருது (சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவுல சூட்டைக் கடத்தப் பூசுற தெர்மல் பேஸ்ட்டைத்தான் சொல்றாங்க), அதுக்கப்புறம் எந்த பிராண்ட் பேஸ்ட்னு ஒரு நீளமான சண்டை ஓடும். ரொம்ப வருஷமா கேமிங் லேப்டாப்களைத் திறந்து மூடிக்கிட்டு இருக்கேன், எனக்குத் தோணுறது என்னன்னா பேஸ்ட்டோட பேர் கடைசியாப் பார்க்க வேண்டிய விஷயம். சூடு எந்த இடத்துல மாட்டிக்கிட்டு நிக்குதுன்னு முதல்ல கண்டுபிடிக்கணும். சிப்போட சிலிக்கான்ல பிறக்குற சூடு பேஸ்ட்டைத் தாண்டி, செம்புத் தகட்டைத் தாண்டி, ஹீட் பைப்ங்கிற செம்புக் குழாய் வழியா ஃபின்னுக்கு, அதாவது மெல்லிய உலோகத் தகடு அடுக்குக்குப் போய் (தகடு, பைப், ஃபின் எல்லாம் சேர்ந்ததுதான் ஹீட்சிங்க்), அங்கேருந்து ஃபேன் தள்ளுற காத்தோட வெளியே போகணும். இந்த வழியில எங்க அடைச்சாலும் ஸ்க்ரீன்ல தெரியுறது ஒரே நம்பர்தான், 95 டிகிரி. அந்த நம்பரை மட்டும் வெச்சுக்கிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுக்கக் கூடாது.

ஆனா அந்த நம்பர் எவ்வளவு வேகமா ஏறுச்சுங்கிறதுல நிறைய விஷயம் இருக்கு. எச்டபிள்யூஇன்ஃபோ மாதிரி ஒரு சென்சார் சாஃப்ட்வேரைத் திறந்து சிபியு டெம்பரேச்சர், சிபியு பேக்கேஜ் பவர் (மொத்த சிப்பும் எடுக்குற வாட்) ரெண்டுக்கும் கிராஃப் ஓட விடுங்க, அப்டேட் ஆகுற இடைவெளியை அரை செகண்டுக்குக் குறைச்சுக்கோங்க. சும்மா இருக்கும்போது 45ல நிக்குதுன்னு வெச்சுப்போம். இப்ப எல்லா கோரையும் முழுசா ஓட்டுற ஒரு டெஸ்ட்டை ஸ்டார்ட் பண்ணுங்க. பட்டனை அமுக்கின ஒரு செகண்டுக்குள்ள 95க்கு எகிறிட்டா ஹீட்சிங்க் இன்னும் சூடாகவே ஆரம்பிக்கலைன்னு அர்த்தம். கணக்குப் போட்டாலே தெரியும், ஒரு கிராம் செம்பை ஒரு டிகிரி ஏத்த 0.385 ஜூல் வேணும், ஹீட்சிங்க்ல 200 கிராம் செம்பு இருந்தா 100 வாட்டை அப்படியே அதுக்குள்ள இறக்கினாலும் மொத்தமா செகண்டுக்கு 1.3 டிகிரிதான் ஏறும். அப்போ அந்த 50 டிகிரி தாவல் எங்கேருந்து வந்துச்சு? சிப்புக்கும் தகட்டுக்கும் நடுவுலேருந்துதான். சூடு வெளியே வர வழியில்லாம சிப்லயே நிக்குது. இது காண்டாக்ட் பிரச்சினை.

அதுக்குப் பதிலா 70 வரைக்கும் தாவிட்டு, அங்கேருந்து சில நிமிஷம் எடுத்துக்கிட்டு மெதுவா 95க்கு ஊர்ந்து போகுதுன்னா காண்டாக்ட் ஒழுங்காத்தான் இருக்கு, ஃபின்னோ ஃபேனோ காத்து உள்ள வர்ற வழியோதான் திணறுது. அந்த லேப்டாப்புக்கு உலகத்துலயே சிறந்த பேஸ்ட்டைப் போட்டாலும் பெருசா எதுவும் மாறாது. லோடை நிறுத்தும்போதும் இதையே தலைகீழாப் பார்க்கலாம், உடனே சடார்னு விழுற டிகிரி சிப்புக்கும் தகட்டுக்கும் நடுவுல இருந்தது, அப்புறம் நிதானமா இறங்குறது ஃபின் பக்கத்துக் கணக்கு. ஒரு சின்ன எச்சரிக்கை, ஒரே ஒரு கோர் மட்டும் டர்போவுல, அதாவது வழக்கத்தை விட அதிக வேகத்துல ஓடும்போது வர்ற திடீர் ஸ்பைக்கை இதோட சேர்க்காதீங்க. சில சதுர மில்லிமீட்டர் இடத்துல 20, 30 வாட் குவியுறப்ப சிலிக்கானுக்குள்ளேயே சூடு பரவ நேரம் கிடைக்கிறது இல்ல, அதை எந்த ஹீட்சிங்காலயும் முழுசா சரி பண்ண முடியாது.

இன்னொண்ணு, இதைப் புரிஞ்சுக்காம மனசு உடைஞ்சு போறவங்க நிறையப் பேர். பேஸ்ட் மாத்தின பிறகும் அதே 95தான் காட்டுது, வேலையெல்லாம் வீண்னு நினைச்சுடுவாங்க. இப்ப வர்ற லேப்டாப் சிபியு எல்லாம் டெம்பரேச்சர் லிமிட்டைத் தொடுற வரைக்கும் பவரை ஏத்திக்கிட்டே போற மாதிரிதான் செட் பண்ணி வருது, இன்டெல்ல பெரும்பாலும் 100 டிகிரி, ஏஎம்டியில 95 இல்லாட்டி 100. கூலிங் நல்லானா சிப் டிகிரியைக் குறைக்காது, வாட்டை ஏத்திக்கும். முன்னாடி 95 டிகிரியில 60 வாட் எடுத்தது இப்ப அதே 95ல 80 வாட் எடுக்குதுன்னா அது பெரிய வெற்றி. அதனால ரூம் டெம்பரேச்சரை டிகிரியிலேருந்து கழிச்சுட்டு வாட்டால வகுத்து எழுதி வெச்சுக்கோங்க, இல்லாட்டி பவர் லிமிட்டை ஒரே இடத்துல பூட்டிட்டு முன்னாடியும் பின்னாடியும் டெஸ்ட் பண்ணுங்க.

சரி, காண்டாக்ட் பிரச்சினைன்னு தெரிஞ்சுருச்சு. இதுல எல்லாத்துக்கும் மேல முக்கியம் இடைவெளியோட தடிமன்தான், அதுக்குக் கீழதான் பேஸ்ட்டோட தரம். லேப்டாப்ல டெஸ்க்டாப் மாதிரி சிப் மேல உலோக மூடி கிடையாது, சிலிக்கான் டை, அதாவது வெறும் சிலிக்கான் துண்டு மேலயே ஹீட்சிங்க் உக்காருது. டை ரெண்டு சதுர சென்டிமீட்டர்னு வெச்சுப்போம், 100 வாட். பேஸ்ட் நிஜமா 5 வாட் பர் மீட்டர் கெல்வின் கடத்துதுன்னா, 50 மைக்ரான் (0.05 மில்லிமீட்டர்) லேயருக்கு நடுவுல விழுற வித்தியாசம் 5 டிகிரி. அதே பேஸ்ட், அதே சிப், லேயர் மட்டும் 200 மைக்ரான் ஆயிடுச்சுன்னா 20 டிகிரி. 0.2 மில்லிமீட்டர்ங்கிறது நாலைஞ்சு பேப்பரை அழுத்தி வெச்ச தடிமன்கூட இல்ல. இப்ப இன்னொரு கணக்கு, 50 மைக்ரான்லயே பேஸ்ட்டை 5லேருந்து 10க்கு மாத்துறீங்க, மிச்சமாகுறது வெறும் 2.5 டிகிரி. விலை கூடின டியூபை வாங்கி ரெண்டரை டிகிரியைத் தேடிக்கிட்டு இருக்கோம், பக்கத்துல 15 டிகிரி இடைவெளியில கிடக்குது. காத்து மாட்டிக்கிட்டா நிலைமை இன்னும் மோசம், காத்தோட கடத்துதிறன் 0.026தான், செம்புக்கு 400 கிட்ட.

இந்த இடைவெளி ஏன் வருது? ஹீட்சிங்கை அழுத்துறது ஸ்ப்ரிங் ஸ்க்ரூவோ இல்ல வளைஞ்ச எஃகுக் கைகளோதான், அதுங்க கொடுக்குற மொத்த விசை ஒரு அளவுதான். அந்த விசையை டை மட்டும் வாங்கிக்கிறது கிடையாது. சுத்தி இருக்கிற விஆர்எம் (சிப்புக்கு வேண்டிய வோல்டேஜைக் கொடுக்குற பகுதி), கிராஃபிக்ஸ் மெமரி சிப் எல்லாத்து மேலயும் சூட்டைக் கடத்துற மெத்து மாதிரி தெர்மல் பேட் இருக்கு, அதுங்களும் தகட்டை மேல தள்ளுது. பேட் எவ்வளவு விசையைத் தின்னுதோ அவ்வளவும் டைக்குக் கிடைக்காமப் போகுது. "நல்ல பேட் போடலாம்"னு கடத்துதிறன் கூடின, கெட்டியான பேடை வாங்கி, அதுவும் 0.5 மில்லிமீட்டர் இருந்த இடத்துல 1 மில்லிமீட்டர் போட்டா, மெமரி ஜில்லுனு இருக்கும், சிபியு கொதிக்கும். பேட் மாத்தணும்னா முதல்ல பழைய பேடோட அழுந்தாத ஓரத்தை வெர்னியர் வெச்சு அளந்துக்கோங்க, அழுந்தின நடுப்பகுதி சரியான அளவைக் காட்டாது. ஒரே தகட்டுக்குக் கீழயே ரெண்டு மூணு தடிமன்ல பேட் இருக்கிறது சாதாரணம்தான், எல்லாத்துக்கும் ஒரே ஷீட்லேருந்து வெட்டிப் போட்டுறாதீங்க. அளவுல சந்தேகமா இருந்தா தெர்மல் புட்டி நல்ல வழி, அது களிமண் பதத்துல இருக்கும், அழுத்தினா எவ்வளவு இடைவெளியோ அவ்வளவுக்கு அமுங்கிக்கும், தகட்டை எதிர்த்து நிக்காது. என் லேப்டாப்ல விஆர்எம், மெமரி ரெண்டுக்கும் இப்ப புட்டிதான்.

காண்டாக்ட் எப்படி இருக்குன்னு கண்ணால பார்க்க ஒரு வழி இருக்கு, யாராவது லேப்டாப் கொண்டு வந்தா நான் செய்யுற முதல் வேலையே இதுதான். டை மேல சாதாரண பேஸ்ட்டை மெலிசா, ஒரே சீராப் பூசிட்டு ஹீட்சிங்கை முழுசா முடுக்கி, ஆன் பண்ணாமலேயே திரும்பக் கழட்டிப் பாருங்க. தகட்டுல நல்லா அழுந்தின இடத்துல பேஸ்ட் கண்ணாடி மாதிரி மெலிஞ்சு அடியில இருக்கிற செம்பு நிறம் தெரியும். அழுந்தாத இடத்துல பூசின வாக்குல அப்படியே கெட்டியா, பிரிச்சு எடுத்ததுல மரக்கிளை கிளையா நரம்போடி நிக்கும். சமீபத்துல பார்த்த ஒண்ணுல சிபியு டை தொட்ட இடத்தோட மேல் பாதியில செம்பு பளிச்னு தெரியுது, கீழ் ஓரத்துல பேஸ்ட் வரப்பு கட்டி நிக்குது, அதாவது தகடு ஒரு பக்கமா சாய்ஞ்சு உக்காந்திருக்கு. காரணம் தேடினா, அந்தக் கீழ் ஓரத்துக்குப் பக்கத்துலயே விஆர்எம் வரிசை மேல ஒரு நீளப் பேட், யாரோ முன்னாடி மாத்தினது, பக்கத்துல இருந்த ஒரிஜினலை விடத் தெளிவாத் தடியா இருந்துச்சு. அந்தப் பேடை எடுத்துட்டு புட்டி வெச்சு, மறுபடி அதே டெஸ்ட், இந்தத் தடவை நாலு மூலையும் ஒரே நிறம். பேஸ்ட் பிராண்டை மாத்தவே இல்ல. ஒரு செகண்டுல லிமிட்டைத் தொட்டுக்கிட்டு இருந்த கிராஃப் அதுக்கப்புறம் பாதி வழியிலேயே நின்னு நிதானமா ஏற ஆரம்பிச்சுது.

தகடே வளைஞ்சிருக்கவும் வாய்ப்பு இருக்கு. ஸ்டீல் ஸ்கேலோட ஓரத்தைத் தகடு மேல நிறுத்தி வெச்சு பின்னாடி மொபைல் டார்ச்சைக் காட்டுங்க, சில மைக்ரான் இடைவெளியிலகூட வெளிச்சம் கசியும், கிடையா, நெடுக்கா, மூலைக்கு மூலை எல்லாம் பாருங்க. கண்ணாடி மேல தண்ணி விட்டுத் தேய்க்கிற உப்புத்தாளை ஒட்டித் தேய்ச்சு சமப்படுத்துறவங்க இருக்காங்க, தகடு தடியா இருந்தா செய்யலாம், ஆனா நிறைய லேப்டாப்ல ஹீட் பைப்புக்கும் டைக்கும் நடுவுல இருக்கிற செம்பு ரொம்ப மெலிசு, சில மாடல்ல பைப்பே நேரா டையைத் தொடும், அங்க தேய்ச்சா பைப் ஓட்டையாகி மொத்த ஹீட்சிங்கும் போச்சு. அதே மாதிரி எஃகுக் கைகளைக் கொஞ்சம் கீழ் நோக்கி வளைச்சு விசையைக் கூட்டலாம், நானும் பண்ணியிருக்கேன், நாலு கையும் ஒரே அளவு வளையணும், தலைமுடி அளவுக்கு வளைச்சாலே போதும். அதிகமானா மதர்போர்டு வளையும், டையோட மூலை உடையும். மூடியில்லாத சிலிக்கான் கண்ணாடி மாதிரிதான், எச்சரிக்கை கொடுக்காது.

ஸ்க்ரூ விஷயத்தை நிறையப் பேர் அசட்டையா விடுறாங்க. ஹீட்சிங்க் மேல பெரும்பாலும் ஒவ்வொரு ஸ்க்ரூ பக்கத்துலயும் 1, 2, 3ன்னு நம்பர் அச்சடிச்சிருக்கும், முடுக்கும்போது அந்த வரிசை, கழட்டும்போது தலைகீழ் வரிசை. சிபியு, ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) ரெண்டுக்கும் ஒரே ஹீட்சிங்க் இருக்கிற லேப்டாப்ல இது ரொம்பவே முக்கியம், ஒரு பக்கத்தை முழுசா முடுக்கிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனா முதல்லயே தகடு சாய்ஞ்சு பேஸ்ட் ஒரு ஓரமா ஒதுங்கிடும். எல்லாத்தையும் முதல்ல லேசாப் பிடிக்க வெச்சு, அப்புறம் குறுக்கும் மறுக்குமா சுத்துக்கு அரைச் சுத்தா முடுக்கிட்டு வரணும். பெரும்பாலான ஸ்ப்ரிங் ஸ்க்ரூவுல ஒரு இடத்துக்கு மேல போகாம தடுக்க தோள்பட்டை ஒண்ணு இருக்கும், அது போய்த் தட்டின பிறகு பலம் போட்டு முடுக்கினா விசை கூடாது, மரைதான் போகும். இதெல்லாத்துக்கும் முன்னாடி பேட்டரி கனெக்டரை உருவிடுங்க, அதைச் சொல்லாம விடக் கூடாது.

இப்ப பேஸ்ட்டுக்கு வருவோம். லேப்டாப்ல பேஸ்ட் கெட்டுப்போறதுக்கு காய்ஞ்சு போறதை விடப் பெரிய காரணம் பம்ப் அவுட். சிலிக்கான் ஒரு அளவு விரியுது, செம்பு வேற அளவு விரியுது, கேம் ஆரம்பிச்சு நிறுத்துற ஒவ்வொரு தடவையும் ரெண்டும் லேசா வளைஞ்சு நிமிருது, நடுவுல இருக்கிற இளகலான பேஸ்ட் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா வெளிய தள்ளப்படுது. டெஸ்க்டாப்ல பேர் வாங்கின பேஸ்ட் பல, மூடியில்லாத டையில சில வாரம் நல்லா இருந்துட்டு அப்புறம் பழைய நிலைமைக்கே திரும்புறது இதனாலதான். அதனால லேப்டாப்புக்குக் கெட்டியான, பூசவே கஷ்டமா இருக்கிற பேஸ்ட்தான் நல்லது, அதுவும் நடுவுல ஒரு பொட்டு வெச்சு அமுக்குறது இங்க வேண்டாம், மூலை வரைக்கும் பூசிடணும், மூலையில ஒரு கோர் இருந்து அதுக்கு மேல பேஸ்ட் போகலைன்னா அந்த ஒரு கோருக்காகவே மொத்த சிப்பும் த்ராட்டில் ஆகும், அதாவது சூட்டுக்காக வேகத்தைக் குறைச்சுக்கும்.

என்னைக் கேட்டா இப்பல்லாம் பேஸ்ட்டை விட ஃபேஸ் சேஞ்ச் ஷீட்தான் முதல் சாய்ஸ், ஹனிவெல்லோட பிடிஎம்7950 இதுல எல்லாருக்கும் தெரிஞ்ச பேர். சாதாரண சூட்டுல திடமா இருக்கும், 45 டிகிரி கிட்ட இளக ஆரம்பிச்சு விசைக்குக் கீழ மெலிஞ்சு பரவிக்கும், இளகினாலும் தண்ணி மாதிரி ஓடாது, பம்ப் அவுட்டைத் தாங்குறதுக்கே செஞ்சது. காகிதத்துல போட்டிருக்கிற கடத்துதிறன் 8.5தான், அதை விடப் பெரிய நம்பர் போட்ட டியூப் எத்தனையோ இருக்கு, ஆனா மாசக்கணக்குல அதே இடத்துல மெலிசா நிக்கிறது இதோட பலம். ஒட்டும்போது கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜ்ல வெச்சு எடுத்தா மேல் தாள் கிழியாம உரிஞ்சு வரும், டையை விட ஒரு துளி பெருசா வெட்டி வெச்சா போதும். மாட்டின உடனே டெஸ்ட் பண்ணிட்டு ஏமாற வேண்டாம், சில தடவை நல்லா சூடாகி ஆறின பிறகுதான் அது முழுசா மெலிஞ்சு உக்காரும். அப்புறம் ஹீட்சிங்கைத் தூக்கினா புது ஷீட்தான் போடணும்.

லிக்விட் மெட்டலைப் பத்தியும் சொல்லணும். கேலியம் கலந்த உலோகம், கடத்துதிறன்ல எந்தப் பேஸ்ட்டும் பக்கத்துல வராது, ப்ளேஸ்டேஷன் 5ல சோனி போட்டதே இதைத்தான், சில கேமிங் லேப்டாப்லயும் ஃபேக்டரியிலேயே வருது. ஆனா அலுமினியத்தைத் தொட்டா அதை அரிச்சு நொறுக்கிடும், வெறும் செம்புல கொஞ்சம் உள்ள ஊறி சாம்பல் கறையா நின்னுட்டு மேல இருக்கிறது வறண்டு போகும், நிக்கல் பூசின தகடுதான் பாதுகாப்பு. கரண்ட்டைக் கடத்தும்கிறதால டையைச் சுத்தி இருக்கிற குட்டிக் கபாசிட்டர் மேல ஒரு துளி போனாலும் ஷார்ட். டெஸ்க்கை விட்டு நகராத பெட்டியில வேணா யோசிக்கலாம், பைக்குள்ள நட்டுக்குத்தலா நின்னு ஆடிக்கிட்டே போற லேப்டாப்ல நான் போட மாட்டேன், அதுவும் தகடு சாய்ஞ்சிருந்தா லிக்விட் மெட்டல் அந்த இடைவெளியை நிரப்பவே செய்யாது, பேஸ்ட்டை விட மோசமா ஆகும்.

கிராஃப் மெதுவா ஏறுற வகையா இருந்தா வேலை சுலபம். ஃபேனுக்கும் ஃபின்னுக்கும் நடுவுல தூசி படலம் கட்டும், வெளியேருந்து எட்டிப் பார்த்தா ஃபின் சுத்தமாத்தான் தெரியும், ஃபேன் மூடியைக் கழட்டினாத்தான் உள்பக்கம் அடைஞ்சு கிடக்குறது தெரியும். காத்தடிச்சு சுத்தம் பண்ணும்போது ஃபேன் இறக்கையை விரலால பிடிச்சுக்கோங்க, இல்லாட்டி அளவுக்கு மீறிச் சுத்தி பேரிங் போகும். பின்பக்கத்தை ரெண்டு விரல்கடை உயர்த்தி வெச்சு ஒரு டெஸ்ட், அடி மூடியைக் கழட்டிட்டு ஒரு டெஸ்ட், நல்ல வித்தியாசம் வந்தா காத்து உள்ள வர்ற வழிதான் குறுகல். ஆனா மூடி இல்லாமலேயே ஓட்டலாம்னு முடிவெடுக்காதீங்க, சில மாடல்ல அந்த மூடிதான் காத்தை விஆர்எம் மேல திருப்பி விடுது. ஃபேனைச் சுத்தி இருக்கிற பஞ்சு ஓரம் கிழிஞ்சிருந்தா மறக்காம புதுசு ஒட்டுங்க, இல்லைன்னா வெளிய போன சூடான காத்தையே ஃபேன் திரும்ப இழுக்கும்.

எல்லாம் சரியா இருந்தும் ஃபேன் முழு வேகத்துல சுத்துது, வெளிய வர்ற காத்து மட்டும் ஜில்லுனு இருக்கு, சிப் கொதிக்குதுன்னா ஹீட் பைப்பைச் சந்தேகப்படணும். அந்தச் செம்புக் குழாய்க்குள்ள குறைஞ்ச அழுத்தத்துல கொஞ்சூண்டு தண்ணிதான் இருக்கு, டை பக்கம் ஆவியாகி, ஃபின் பக்கம் போய்க் குளிர்ந்து, உள்சுவர்ல இருக்கிற நுண்துளைப் படலம் வழியாத் திரும்ப வரும், 1963ல லாஸ் அலமாஸ்ல ஜார்ஜ் குரோவர் செஞ்சு காட்டின அதே தத்துவம். எங்கயாவது விரிசல் விட்டு உள்ள காத்து புகுந்துட்டா அது வெறும் செம்புக் குழாய். ஹீட்சிங்கைத் தனியாக் கழட்டி டை தொடுற பகுதியை மட்டும் சூடான தண்ணியில வெச்சுப் பாருங்க, நல்ல பைப்புன்னா சில செகண்டுல மறுமுனை கைக்குச் சுடும். சுடலைன்னா அந்த அசெம்பிளியையே மாத்துறதைத் தவிர வழியில்ல, சால்டர் வெச்சு அடைக்கப் பார்க்காதீங்க.

கடைசியா, சிப் எடுக்குற பவரையே குறைக்கிறது. சுவிட்ச் ஆகும்போது செலவாகுற பவர் வோல்டேஜோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி மாறும், வோல்டேஜை 10 சதவீதம் குறைச்சா அந்தப் பவர் 19 சதவீதம் குறையும், ஸ்பீடு அப்படியே இருக்கும். 2019 டிசம்பர்ல ப்ளண்டர்வோல்ட்ங்கிற பாதுகாப்பு ஓட்டை வெளிய வந்த பிறகு நிறைய இன்டெல் லேப்டாப்ல சிபியு அண்டர்வோல்ட்டை, அதாவது இப்படி வோல்டேஜைக் குறைக்கிறதை பயாஸ்லயே பூட்டிட்டாங்க, த்ராட்டில்ஸ்டாப்ங்கிற சாஃப்ட்வேர்ல போய்ப் பார்த்தா லாக்டுன்னு காட்டும். ஜிபியுவுக்கு பெரும்பாலும் இன்னும் வழி இருக்கு, எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர்ங்கிற சாஃப்ட்வேர்ல வோல்டேஜ் கர்வைத் திறந்து குறைஞ்ச வோல்டேஜ்லயே அதே கிளாக் ஸ்பீடு வர்ற மாதிரி இழுத்து விடலாம், கேம் விளையாடுற லேப்டாப்ல ரெண்டுக்கும் ஒரே ஹீட்சிங்க்னா ஜிபியுல குறையுற ஒவ்வொரு வாட்டும் சிபியுவுக்கும் லாபம். சிபியு பூட்டியிருந்தா பிஎல்1 (தொடர்ந்து எடுக்கலாம்கிற வாட்), பிஎல்2 (கொஞ்ச நேரத்துக்கு மட்டும் எடுக்கலாம்கிற வாட்) பவர் லிமிட்டைக் கொஞ்சம் இறக்குங்க, கடைசி சில நூறு மெகாஹெர்ட்ஸுக்காகத்தான் சிப் அத்தனை வாட்டைக் குடிக்குது, பிஎல்1ஐ அஞ்சு அஞ்சு வாட்டாக் குறைச்சுக்கிட்டே வந்து, நீங்க நிஜமா விளையாடுற கேம்ல எஃப்பிஎஸ் விழ ஆரம்பிக்குற இடத்துக்கு ஒரு படி மேல நிறுத்திடுங்க.